சான்றிட்ட நகல்

அல் குசைஸ், துபாய்
20 ஜனவரி 2026

அண்ணனுக்கு,

நீ கோர்ட்டுக்குப் போகவே இல்லை. வெள்ளிக்கிழமை போனேன், நகல் பிரிவில் ஆள் இல்லை, திரும்பிவிட்டேன் என்று போனில் சொன்னாய். அந்த வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல். எந்தக் கோர்ட் திறந்திருந்தது? இங்கே பொங்கலுக்கு லீவு கிடையாது என்பதால் நாள் கிழமையே எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்துவிட்டாய்.

இனிமேல் இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம். பேசினால் நீ மழையைப் பற்றிச் சொல்வாய், மாட்டைப் பற்றிச் சொல்வாய், கடைசியில் நானே சரி விடு என்று வைத்துவிடுவேன். தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுது. எழுதியதை யாரும் அப்புறம் மாற்றிச் சொல்ல முடியாது.

எட்டு வருஷம் ஸ்கூல் பஸ்ஸில் ஊரார் பிள்ளைகளைக் கை பிடித்து ஏற்றி இறக்கினேன். டிசம்பரில் ட்ரான்ஸ்போர்ட் ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். இந்தச் சம்பளத்துக்கு என் பிள்ளை ஹர்ஷினியை என் விசாவில் கூட்டி வர முடியும். ஸ்டாஃப் பிள்ளை என்று ஆறாம் வகுப்பில் ஓர் இடம், மார்ச் 31 வரை பிடித்து வைத்திருக்கிறார்கள். விசாவுக்கு விவாகரத்துத் தீர்ப்பு வேண்டும், பிள்ளை யார் பொறுப்பு என்று அதில் இருக்க வேண்டும்.

2022-இல் நீதான் சொன்னாய், நான் வராமலேயே வக்கீல் விவாகரத்தை முடித்துவிட்டார், பிள்ளை நம்மிடம்தான் என்று. அவள் உன் வீட்டில் இருக்கிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. பேப்பர் கேட்கவில்லை. அது என் முட்டாள்தனம். இப்போது கேட்கிறேன். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி அனுப்பு.

சரோஜாவைக் கேட்டதாகச் சொல். பிள்ளைக்கு இருமல் தேவலையா?

கலா

*

நாச்சியேந்தல்
27 ஜனவரி 2026

அன்புத் தங்கச்சி கலாவுக்கு அண்ணன் உடையப்பன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஹர்ஷினிக்கு இருமல் நின்றுவிட்டது. கோ-கோ டீமில் சேர்த்திருக்கிறார்கள், முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு.

எடுத்ததும் பொய்யன் என்கிறாய். நாளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன், போனது நிஜம். கேஸ் நம்பர், வருஷம் இரண்டும் இல்லாமல் வராதே என்று நகல் பிரிவுக்காரன் அனுப்பிவிட்டான். முடித்த வக்கீல் மதுரைக்குப் போய்விட்டார். அவர் நம்பர் எடுக்கவில்லை. கதிர் அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் நான் படும் பாடு உனக்குத் தெரியாது.

இன்னொன்றும் நீ யோசிக்க வேண்டும். ஜெயசீலன் உனக்குத்தான் ஒன்றுமில்லாமல் போனான். சரோஜாவுக்கு அவன் கூடப்பிறந்த அண்ணன். இந்தப் பேச்சை எடுத்தாலே அவள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுகிறாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் நான் எந்தப் பக்கம் நிற்பது?

பிள்ளை இங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த வெயிலில் கொண்டுபோய் அவளை ஃப்ளாட்டில் அடைப்பானேன்? கொஞ்சம் பொறு.

அண்ணன்
உடையப்பன்

*

அல் குசைஸ்
3 பிப்ரவரி 2026

அண்ணனுக்கு,

கேஸ் நம்பர் எழுதிக்கொள். எச்.எம்.ஓ.பி. 87/2021. தீர்ப்பு நாள் 14 ஜூன் 2022.

இதற்கு மதுரை வக்கீல் தேவைப்படவில்லை. என் ரூமில் இருக்கிற நஸீரா, கீழக்கரைக்காரி, மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், கோர்ட் வெப்சைட்டில் வருஷம் வருஷமாக என் பெயரைப் போட்டுத் தேடினாள். கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, "இந்தா, மாப்பிள்ளை மனுதாரர், நீ பிரதிவாதி. நல்லா வாழ்ந்தீங்கடி" என்று போனை நீட்டினாள். சிரித்துவிட்டேன். அதன் கீழே எக்ஸ்பார்ட்டி என்று ஒரு வார்த்தை இருந்தது.

மறுநாள் டைப்பிங் சென்டரில் கௌஸ் முகம்மதுவிடம் காட்டினேன். விசா பேப்பர்களைப் பார்த்துப் பார்த்தே பாதி வக்கீல் ஆனவர்.

"எதிர்த்தரப்பு வராம முடிஞ்ச கேஸ்ம்மா. உங்களுக்கு சம்மன் வந்துச்சா?"

"இல்லண்ணே."

"வராம தீர்ப்பு ஆகாது. வீட்டுல யார்கிட்டயாவது வந்திருக்கும்."

அதற்குமேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். தபால்காரர் எந்த வீட்டுத் திண்டில் வைத்துவிட்டுப் போனாரோ, அதை நீ அவரிடம் கேட்டுப் பார்.

இப்போது உனக்கு நம்பரும் இருக்கிறது, வருஷமும் இருக்கிறது. போய் மனுப் போடு. வெள்ளிக்கிழமை வீடியோவில் ஹர்ஷினி, "நீ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவியாம், கூட்டிட்டுப் போகமாட்டியாம், அத்தை சொல்லுச்சு" என்றாள். சரோஜாவிடம் சொல், இந்தத் தடவை கூட்டிப் போவேன்.

கலா

*

நாச்சியேந்தல்
12 பிப்ரவரி 2026

அன்புள்ள கலாவுக்கு,

இந்தத் தடவை நிஜமாகவே போனேன். வேண்டுமானால் பஸ் டிக்கெட்டையும் படம் எடுத்து அனுப்புகிறேன். கேஸ் கட்டு ரெகார்ட் ரூமுக்குப் போய்விட்டதாம். போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகி அந்த வருஷத்துக் கட்டுகள் எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டனவாம். கிடைத்தால் சொல்கிறேன் என்றார்கள். கிடைக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

பழசைக் கிளறாதே கலா. நான் வேண்டுமானால் பிள்ளை நம் வீட்டில்தான் வளர்கிறாள் என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்கி அனுப்புகிறேன். அதைக் காட்டிப் பார். ஆகவில்லை என்றால் அடுத்த வருஷம் பார்ப்போம். பிள்ளை எங்கே ஓடிப்போகப் போகிறாள்?

அண்ணன்
உடையப்பன்

*

அல் குசைஸ்
9 மார்ச் 2026

உடையப்பனுக்கு,

கட்டு நனையவில்லை.

எங்கள் பஸ் டிரைவர் ரெங்கராஜ் போன மாதம் லீவில் ஊருக்குப் போனார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டேன். நம் தாலுகா கோர்ட்டுக்கு அவர் அதற்கு முன்னால் போனதே கிடையாது. பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டுப் போய், வாசலில் ஒரு வக்கீலைப் பிடித்து, மனுப் போட்டு, ஒன்பதாவது நாள் வாங்கிவிட்டார். தீர்ப்பு மட்டும் போதாது, சம்மன் யார் கையில் சார்வானது என்கிற தாளையும் சேர்த்துக் கேள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் நேற்றுப் படம் எடுத்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் இல்லை. ரூமில் உட்கார்ந்து படித்தேன்.

நான் புருஷனைக் கைவிட்டுப் போனவளாம். அவன் குடித்துவிட்டு என் காதை உடைத்தது எந்தப் பக்கத்திலும் இல்லை. பெண் குழந்தை மனுதாரர் பொறுப்பில். அதாவது ஜெயசீலன் பொறுப்பில். இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை உன் வீட்டில் விட்டுவிட்டுப் போனானே, அவன் பொறுப்பில். பிரதிவாதி மூன்று முறை அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கோர்ட் வாசலில் சந்திரகலா, சந்திரகலா, சந்திரகலா என்று ஒருவர் கத்தியிருக்கிறார். அன்று காலையில் நான் முப்பத்தெட்டுப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசித் தாளில் சம்மன் கொடுக்க வந்த கோர்ட் அமீனா எழுதியிருக்கிறார். பிரதிவாதி வெளிநாட்டில் இருப்பதால் அதே வீட்டில் வசிக்கும் அவரது அண்ணன் சம்மனைப் பெற்றுக்கொண்டார். கீழே உன் கையெழுத்து. தேதிகூட நீயே போட்டிருக்கிறாய். 6 டிசம்பர் 2021. அந்த வாரம் நான் உன்னோடு மூன்று தடவை போனில் பேசினேன்.

தபால்காரரைக் கேட்கச் சொல்லி எழுதியிருந்தேன். கேட்க வேண்டாம்.

ஏன் வாங்கினாய்?

சந்திரகலா

*

நாச்சியேந்தல்
13 மார்ச் 2026

கலா,

அந்த டிசம்பரில் சரோஜாவுக்கு ஏழாம் மாதம். இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாக நின்றது. ஜெயசீலன் முந்தின நாளே வந்தான். வாசலில் நின்றபடியே, உள்ளே இருந்த சரோஜாவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "நாளைக்கு அமீனா வருவாரு மச்சான். வாங்கி வச்சுக்க. கலாகிட்ட நீ சொன்னேன்னு தெரிஞ்சுது, என் தங்கச்சிய இன்னைக்கே வண்டில ஏத்திருவேன். அங்க ஒண்ணு அறுந்தா இங்கயும் அறுக்கறதுதானே நம்ம வழக்கம்."

அதைச் செய்கிறவன்தான் அவன். உனக்கே தெரியும்.

உனக்குச் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், வந்தால் திரும்பப் போக முடியாது என்று நினைத்தேன். அவன் வேண்டாம் என்று நீயும்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். எப்படியோ முடிகிறது என்று விட்டேன். பிள்ளையை அவன் பக்கம் எழுதுவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்காகத்தான் ஹர்ஷினியை என் வீட்டிலேயே வைத்து என் மகளைப் போலப் பார்க்கிறேன். அன்று வயிற்றில் இருந்த அம்முவுக்கு ஒன்று வாங்கினால் இவளுக்கும் ஒன்று.

நேற்று அவனிடம் போய்க் கேட்டேன். பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போடு என்றேன். பாக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "அவ பெரிய ஆளாயிட்டா. ஆனா நான் பேனாவை எடுத்தாத்தான் அவ காரியம் நடக்கும். இது எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

நான் என்ன செய்யட்டும்?

உடையப்பன்

*

அல் குசைஸ்
16 மார்ச் 2026

அண்ணனுக்கு,

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. உனக்குப் பெண் அமையவில்லை என்று என்னைக் கொடுத்தார்கள். எனக்கு இருபது வயது, பி.காம். இரண்டாம் வருஷம். உனக்கு ஒரு பெண்டாட்டி வருவதற்காக என் கல்யாணம். அவள் போய்விடாமல் இருப்பதற்காக என் விவாகரத்து. இரண்டிலும் என்னை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. சரோஜாவையும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் பாத்திரத்தை உருட்டுகிறாள் என்று எழுதினாய். அவள் வேறு எதை உருட்ட முடியும்? அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீ பிள்ளையைப் பார்த்துக்கொண்டாய். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளை என்னிடமிருந்து எடுக்கவும் நீதான் கையெழுத்துப் போட்டாய்.

ரெங்கராஜ் பிடித்த வக்கீலிடம் பேசிவிட்டேன். சம்மன் என் கைக்கு வரவே இல்லை என்று காட்டினால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். நகலைப் பார்த்து விஷயம் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாள்தான். ஏப்ரல் 7 கடைசி. அதற்கு நான் சொல்வது போதாது. வாங்கியவன் சொல்ல வேண்டும். சம்மனை நான் வாங்கினேன், என் தங்கையிடம் கொடுக்கவில்லை, சொல்லவும் இல்லை என்று நீ பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். மூன்று வரி. வக்கீலே டைப் செய்து வைப்பார்.

ஜெயசீலன் குதிப்பான். சரோஜாவைக் கூட்டிப் போகிறேன் என்பான். அவளுக்கு முப்பது வயது, நாலு வயதில் மகள் இருக்கிறாள். அவள் வண்டியில் ஏறுவாளா மாட்டாளா என்று அவளையே கேள். அவனை ஏன் கேட்கிறாய்?

கையெழுத்துப் போடுவாயா, மாட்டாயா? ஒரு வார்த்தையில் எழுது.

சந்திரகலா
பிரதிவாதி

*

அல் குசைஸ்
30 மார்ச் 2026

அண்ணனுக்கு,

பதினாறாம் தேதிக் கடிதத்தை அன்றே படித்துவிட்டாய். நீல டிக் விழுந்துவிட்டது. இரண்டு வெள்ளிக்கிழமையாக ஹர்ஷினியைப் போனில் காட்டவில்லை. டியூஷன் போயிருக்கிறாள் என்று சரோஜா சொன்னாள். வெள்ளிக்கிழமை நான் கூப்பிடும் நேரத்தில் எந்த டியூஷன் என்று நான் கேட்கவில்லை. அவள் குரல் சரியாக இல்லை.

ஸ்கூல் இடம் நாளையோடு போகிறது. போகட்டும், அடுத்த வருஷம் கெஞ்சி வாங்குவேன். எனக்குக் கெஞ்சத் தெரியும். ஆனால் ஏழாம் தேதி தாண்டினால் கோர்ட் என்னைக் கேட்காது. அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை அவன் பேனாவுக்காக நான் காத்துக்கிடக்க வேண்டும். அப்போது அவளுக்கு நான் யார்?

வக்கீல் டைப் செய்து வைத்துவிட்டார். அலுவலகம் கோர்ட்டுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில். ஆதார் கார்டு மட்டும் எடுத்துப் போ.

கலா

*

அல் குசைஸ்
6 ஏப்ரல் 2026

அண்ணா,

வக்கீலிடம் இப்போதுதான் கேட்டேன். நீ வரவில்லை என்றார்.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு வக்கீல் வந்துவிடுவார். பத்தரைக்குக் கோர்ட் உட்காரும். முதல் பஸ்ஸிலேயே ஏறு. ஏறிவிட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

கலா