ரெண்டு ஸ்பூன் சர்க்கரை

நவம்பர் 14, வெள்ளி. குவைத், அப்பாசியா.

போன வாரம் நண்பன் சேகர் ரூமில், அவன் என்னைப் போலவே திருட்டுத்தனமாகப் போட்ட பீரைக் குடித்துப் பார்த்தோம். சத்தியமாக என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேஸ் பத்தலடா, நுரையே வரல. மூடுறப்ப பாட்டிலுக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடு," என்றேன். நான் போடுவது ஒன்றுதான்.

இன்று காலை அவன் பாட்டில்கள் கேஸ் தாங்காமல் வரிசையாக வெடித்திருக்கின்றன. சத்தம் கேட்டு யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் ஒரு சொட்டு மது இருந்தாலே ஜெயில்தான். அவனையும் அவன் போனையும் கொண்டுபோய்விட்டார்கள்.

அது தெரியாமல் மத்தியானம் அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "நான் சொன்ன மாதிரி போட்டியா? கேஸ் ஏறிச்சா?"

இப்போதுதான் பார்த்தேன். ரெண்டு டிக்கும் நீலமாகியிருக்கிறது.