தோற்க வேண்டிய குதிரை

டப்ளின்,
ஜனவரி 16, 1984

அன்புள்ள கோல்மன்,

மழைக்கு உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். காலைப் பத்திரிகை அந்த எண்ணத்தைக் கெடுத்துவிட்டது.

சனிக்கிழமை பாலினாகில் நடந்த தடைதாண்டும் பந்தயத்தில் நம் குதிரை ரோவன் கடைசிக்கு முந்திய இடத்தில் வந்தாளாம். தரை எப்படி என்பதற்கு ‘ஆழமான சேறு’ என்று போட்டிருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் இதே மாதிரிச் சேற்றில்தான் அவளுடைய முன்காலில் தசைநார் பிசகியது. கோடை முழுக்க அவள் நொண்டினாள். குதிரையில் பாதி எனக்கு என்ற உரிமையில் நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: சேற்றில் ஓட்டாதே. நீயும் சரி என்றாய். நான் லத்தீன் கற்பிப்பவள், குதிரை பழக்கும் உன் தொழிலில் மூக்கை நுழைப்பவளல்ல. ஆனால் கொடுத்த வாக்கு யாருடைய தொழிலிலும் வாக்குதான்.

கால் எப்படி இருக்கிறது? அதற்கு மட்டும் பதில் எழுது.

உன் அக்கா,
டெர்வ்லா


கில்பிரேகன்,
ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி அட்ராக்டா கேட்டாள்: “உங்கக்கா பேனாவுல மை ஊத்துறாங்களா, ஆசிட் ஊத்துறாங்களா?” கோபப்படாதே. பழ ரொட்டி சுட்டு அனுப்பியிருக்கிறாள், சூடு செய்து சாப்பிடு.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். படித்ததும் இதை அடுப்பில் போடு. எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமந்து ஓட வேண்டும் என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி இருக்கிறார் அல்லவா? ஜெயித்தால் எடையைக் கூட்டுவார், தோற்றால் குறைப்பார். ரோவனுக்குச் சேறு ஆகாது. அதனால் குளிர்காலம் முழுக்கச் சேற்றில் ஓடித் தோற்கட்டும். ஏப்ரலில் தரை காயும்போது முதுகில் ஒன்றுமே இல்லாதது போல ஓடுவாள். அன்றைக்கு ஊரே அவள்மேல் பணம் கட்டும்; தோற்றே பழகிய குதிரை என்பதால் ஒன்றுக்குப் பத்தாகக் கிடைக்கும். மதுக்கடை டூஹி, பால்பண்ணைக்காரர்கள், மாதா கோயில் மணியடிப்பவர் வரை எல்லோரும் தயார். ஜாக்கி பேக்கியும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டுகிறான்.

இன்னும் ஒரே ஒரு தோல்வி, பிப்ரவரி நான்காம் தேதி. அதோடு முடிந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை அக்கா. இங்கே எல்லோரும் செய்வதுதான்.

அன்புடன்,
கோல்மன்


டப்ளின்,
ஜனவரி 25

கோல்மன்,

பழ ரொட்டி நன்றாக இருந்தது என்று அட்ராக்டாவிடம் சொல். கடிதத்தை அடுப்பில் போட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, இப்படி ஒன்று என் மேஜையில் கிடக்கக் கூடாது என்பதற்காக.

‘எல்லோரும் செய்வதுதான்’ என்பதைப் பரீட்சையில் காப்பியடித்து மாட்டும் பிள்ளைகள் என்னிடம் சொல்வார்கள். அவர்களுக்குப் பத்தொன்பது வயது. உனக்கு நாற்பத்தைந்து. மேலே கடிவாளம் பின்னால் இழுக்கிறது, கீழே சேறு இழுக்கிறது, அதற்கு நடுவில் அவள் தடையைத் தாண்ட வேண்டும். தான் தோற்க வேண்டும் என்று அவளிடம் யாராவது சொன்னீர்களா?

நான்காம் தேதி அவள் ஓடக் கூடாது. ஓடினால் அவளை உன் லாயத்திலிருந்து கொண்டுபோய்விடுவேன். கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை.

டெர்வ்லா


கில்பிரேகன்,
பிப்ரவரி 7

அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டாய்!

நடந்ததைக் கேள். முழங்கால் ஆழச் சேறு. கடைசிக்கு முந்தைய தடையில் முன்னால் போன இரண்டு குதிரைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மூன்றாவது மூச்சுவாங்கி நின்றேவிட்டது. பின்னால் இருந்ததெல்லாம் நடைதான். அத்தனை பேர் பார்க்கும்போது பேக்கி எப்படி இழுத்துப் பிடிப்பான்? இறங்கி வந்ததும் அழாத குறையாகச் சொன்னான்: “நான் என்னண்ணே பண்றது, மத்ததெல்லாம் படுத்துருச்சே! இவ பாட்டுக்குப் போறா!” ஜெயித்துவிட்டாள். ஊரில் ஒருவன்கூட அவள்மேல் கட்டவில்லை. எடை ஏறிவிடும். ஏப்ரலும் போயிற்று.

அதைக்கூட விதி என்று விட்டிருப்பார்கள். ஆனால் டப்ளினில் நீ அவள்மேல் பணம் கட்டியிருக்கிறாய்! பிறந்ததிலிருந்து பந்தயமே கட்டாதவள்! அத்தனை பந்தயக் கடைகளை விட்டுவிட்டு, டூஹியின் மருமகன் உட்கார்ந்திருக்கும் கடைதானா உனக்குக் கிடைத்தது? அன்று மாலையே இங்கே சேதி வந்துவிட்டது. டூஹி எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏம்ப்பா கோல்மன், எங்களுக்கு ஒரு கதை, அக்காவுக்கு ஒரு கதையா? படிச்ச குடும்பம்னா சும்மாவா!” ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. இரண்டு பேர் தங்கள் குதிரைகளை என் லாயத்திலிருந்து கொண்டுபோய்விட்டார்கள்.

நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று நான்கு வரி எழுதி அனுப்பு. டூஹி கடையில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுகிறேன். என் பெயர் போகிறது அக்கா.

கோல்மன்


டப்ளின்,
பிப்ரவரி 10

கோல்மன்,

நான்கு வரி கேட்டாய். டூஹி கடைக்கு இரண்டே போதும்:

“அவள் தோற்பாள் என்றுதான் என் தம்பி எனக்கு எழுதினான். நான் அதை நம்பவில்லை.”

இதை உரக்கப் படி. கும்பலாகச் சேர்ந்து ஏமாற்றத் திட்டமிட்டவர்கள், அந்தத் திட்டத்தில் தங்களை யாரோ ஏமாற்றிவிட்டதாகப் புலம்புகிறார்கள். அவர்களிடம் நான் என் யோக்கியத்தை நிரூபிக்க வேண்டுமாம்!

ஏன் கட்டினேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் அத்தனை சொல்லியும் சனிக்கிழமைப் பத்திரிகையில் அவள் பெயர் இருந்தது. ஓர் ஊரே அவள் தோற்க வேண்டும் என்று நிற்கிறது, ஜெயிக்க வேண்டும் என்று நினைக்க ஒருத்தியாவது இருக்கட்டும் என்று தோன்றியது. பல்கலைக்கழக வாசலில் இருந்த முதல் கடைக்குள் போனேன். எப்படிக் கட்டுவது என்றுகூட அந்தப் பையன்தான் சொல்லிக்கொடுத்தான். ஜெயித்த அந்தப் பணத்தில்தான் இப்போது அவளை ஏற்றிப்போக ஒரு வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். கில்டேரில் என் தோழி கிரான்யாவின் புல்வெளியில் அவளுக்கு இடம் இருக்கிறது. புதன்கிழமை வண்டி வரும்.

பேக்கி அழுதது, டூஹி சிரித்தது, உன் பெயர் போனது எல்லாம் எழுதியிருக்கிறாய். முழங்கால் ஆழச் சேற்றில் ஓடி வந்தவளைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன்.

டெர்வ்லா


கில்பிரேகன்,
பிப்ரவரி 13

அக்கா,

இடது முன்கால். பழைய இடத்துக்கு இரண்டு விரல் கீழே. பந்தயத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேயே தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. இனி ஓட மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடப்பாள்.

அட்ராக்டாவும் நானும் மாற்றி மாற்றிக் குளிர்ந்த தண்ணீர் விடுகிறோம். கட்டு மாற்றும்போது வலியில் கடிக்க வருகிறாள். கிரான்யாவை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்.

டூஹி கடைக்கு நான் போகவில்லை.

வண்டிக்காரரிடம் மெதுவாக ஓட்டச் சொல். ஏற்றிவிடும்போது நான் பக்கத்தில் இருப்பேன். வண்டியோடு நீ வர வேண்டாம், அக்கா. உன் முகத்தைப் பார்க்க இந்த ஒரு தடவை என்னால் ஆகாது.

கோல்மன்