உனக்கென்ன என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்

இன்று காலை நஞ்சன்கூடு ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஹெல்மெட் போட்ட ஒருவர் பைக்கின் சைடு ஸ்டாண்டை எடுத்துவிடாமலே போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஸ்கூட்டியில் வந்த காலேஜ் பெண் ஒருத்தி, "அங்கிள், ஸ்டாண்ட்! ஸ்டாண்ட்!" என்று கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. அவளும் விடவில்லை. வளைவு வருவதற்குள் விரட்டிப்போய்ப் பிடித்து, கையால் காட்டிவிட்டுத்தான் போனாள். அவர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அவளை முறைத்தார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது, நண்பா. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

இந்த மைசூரில் எத்தனை பேருடைய ஸ்டாண்டுக்காக நீ கத்தியிருப்பாய்! பின்சீட்டில் உட்கார்ந்தவளின் முந்தானை சக்கரத்துப் பக்கம் தொங்கினால், நடுரோட்டில் நின்று கையை நீட்டி வண்டியை நிறுத்துவாய். "நிமகே யாக்ரீ பேக்கு?" என்பார்கள், உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று. நீ சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாய். நம் சொந்த ஊரான ஹனூர் பக்கத்து ஆட்கள் உனக்கு 'நாட்டாமை' என்று பேர் வைத்திருந்தார்கள். முதலில் அந்தப் பேரை வைத்தவன் நான்தான். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

நீ செய்தது குழாய் வேலை. ஊரார் வீட்டுக்குள்ளெல்லாம் போகிற வேலை. உன்னைப் போன்றவனுக்கு அது வாய்த்ததை என்ன சொல்வது! ஒருமுறை ஜன்னலே இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டச் சொன்னார்கள். நீ மாட்டமாட்டேன் என்றாய். "சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் போப்பா" என்றார் வீட்டுக்காரர். நீ பையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாய், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே இருந்த கடையில் காத்திருந்து, அவர் மனைவி காய்கறி வாங்க வந்தபோது கீசரின் புகை எப்படி ஆளைச் சத்தமில்லாமல் கொல்லும் என்று விளக்கினாய். மறுநாள் அவர்களே கூப்பிட்டுச் சுவரில் காற்றுத் துளை போடச் சொன்னார்கள்.

எல்லா இடத்திலும் உன் தலையீடு பலித்தது என்று சொல்லமாட்டேன். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் நுழைந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாய். உதடு வீங்கியிருந்தது. "என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க பாரு மாப்ளே, அது போதும்" என்றாய். அன்றைக்கு நான் அப்படிச் சிரித்தேன். அடுத்த முறை நீ நுழைந்தது என் விஷயத்துக்குள்.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் நீ நீட்டிய டீ கிளாஸை வாங்காமல் நான் நின்றதை நீ கவனித்திருக்கிறாய். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வதையும் கவனித்திருக்கிறாய். ஒரு நாள் வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உரசலெல்லாம் ஒரே பக்கமா இருக்குதேப்பா" என்றாய். "உன்ற கண்ணை ஒருக்கா காட்டிப்போடு." சரி என்றேன், போகவில்லை. மறுபடி கேட்டாய். அடுத்த வாரம் என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது, "உனக்கென்ன? நீ உன் வேலையைப் பாரு" என்றேன். எனக்கும் சந்தேகம் இருந்தது. டாக்டர் வாயால் அதைக் கேட்கப் பயம். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது. மகள் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை வேன் நடையை முடித்து வந்ததும், தலைமை ஆசிரியை சாவியைக் கேட்டார். கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தபிறகு ஓட்டலாம் என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை. நேரே நீ வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கு வந்தேன். கொத்தனார்களும் சித்தாள்களும் பார்த்துக்கொண்டிருக்க, "என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடா!" என்று கத்தினேன்.

நீ கையில் இருந்த பைப்பைக் கீழே வைத்தாய். குரலை உயர்த்தவில்லை.

"ஆமா மாப்ளே, உன்ற சோத்துலதான் மண்ணு போட்டேன். பதினாறு புள்ளைக மேல மண்ணு போட வேண்டாம்னுதான்."

  அங்கேயே நின்றால் உன்னை அடித்துவிடுவேன் என்று பயந்து வெளியே நடந்தேன்.

உன் முகத்தில் கரி பூசவே டாக்டரிடம் போனேன். என் கண்ணில் ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தை உன் முன்னால் வீச வேண்டும். ஒரு கிண்ணம் போன்ற பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். முடிந்ததும் அங்கிருந்த நர்ஸ், "இடது பக்கம் அமுக்கவே இல்லையே, தூங்கிட்டீங்களா?" என்றார்.

"அந்தப் பக்கம் வெளிச்சமே வரலையேம்மா."

"வந்துச்சு சார். நிறைய தடவை வந்துச்சு."

 வேனில் அந்த இடது பக்கத்துக் கதவு வழியாகத்தான் பிள்ளைகள் ஏறி இறங்குவார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மீதியைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் மீதி என்று ஒன்று இருந்திருக்காது என்றும் சொன்னார். காகிதம் கிடைத்தது. வீசத்தான் முடியவில்லை.

அதைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தபோதுதான் மற்றது தெரிந்தது. "உங்க சிநேகிதர் 'வண்டியை வாங்கிக்குங்க, ஆளை அனுப்பிடாதீங்க'ன்னு சொன்னார். நான் சரின்னு சொல்ற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை" என்றார். அன்று முதல் வேன்களில் ஏறும் இறங்கும் பிள்ளைகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. இன்றும் அதுதான்.

உன்னிடம் வர மூன்று வாரம் ஆனது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ கேட்கவிடவில்லை. "மருந்து வுட்டியா?" என்றாய். அதற்குப் பிறகு தினமும் காலையில் போன் வரும். வணக்கம், சௌக்கியம் எதுவும் இருக்காது. "வுட்டியா?" அவ்வளவுதான். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். நீ போனபிறகு ஒரு வாரம், போன் வராமல் மருந்தை மறந்தேன்.

நண்பா, இதை எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. போன வருஷம் நஞ்சன்கூடு கோயிலுக்குப் போனபோது, நடந்துகொண்டிருந்தவன் நின்று நெஞ்சைத் தடவினாய். "என்னடா?" என்றேன். "வாயு மாப்ளே" என்றாய். நான் விட்டுவிட்டேன். திருப்பிக் கேட்டால் உனக்குப் பிடிக்காதோ என்று நினைத்தேன். உன் உடம்பு, உன் பாடு என்று நினைத்தேன். பத்தாவது நாள் உன் மகன் போன் செய்தான், நெஞ்சு வலியில் நீ போய்விட்டாய் என்று. நீ என்னை மூன்று முறை கேட்டாய், கேட்டும் நான் நகராதபோது பள்ளிக்கூடத்துக்கே போனாய். நான் ஒரே ஒரு முறை கேட்டேன். மரியாதை என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி சோம்பல், பாதி பயம் என்பது உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது புரிந்தது. திட்டு வாங்கத் துணிந்தவனால்தான் அடுத்தவன்மேல் அப்படி அன்பு வைக்க முடியும். உனக்கு அந்தத் துணிச்சல் இருந்தது.

எங்கள் பள்ளியில் ஓர் ஆயாம்மா இருக்கிறார். இப்போதெல்லாம் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். மறுநாளும் கேட்டேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணா?" என்று கன்னடத்தில் எரிந்து விழுந்தார். நேற்று அவர் மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஆயாம்மா என் முகத்தையே பார்க்கவில்லை.

நாளை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. அவர் மகளுக்கு லீவு கிடைக்கவில்லையாம், நான் கூட்டிப்போகிறேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டுதான் வருவார். வரட்டும்.