மச்சான் ஏறிய படிகள்

12 பிப்ரவரி, வியாழன்

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அசதி. என் நுரையீரலில் இருப்பது புற்றுதான், ஆனால் பட்டாணி அளவு. "இருமல் வர்றதுக்கு முன்னாடியே ஸ்கேன் எடுத்துட்டீங்க. சின்னத் துளை போட்டு அந்தத் துண்டை மட்டும் எடுத்துடலாம்," என்றார் அறுவை மருத்துவர்.

மனைவியின் அண்ணன் யூசுப்புக்கு இருமல் முற்றிய பிறகுதான் தெரிந்தது. விலாவைத் திறந்து ஒரு பக்க நுரையீரலையே எடுத்தார்கள்.

தன் மகள் நிக்காஹ்வுக்கு அவர் என்னை நேரில் வந்து அழைக்கவில்லை. பத்திரிகையை ஆள் மூலம் அனுப்பினார். ஆறு வருடமாக நான் பேசவில்லை. அதை இன்றும் மறக்கவில்லை. போன மாதம் அவர் மூச்சிரைக்க என் மாடிக்கு ஏறி வந்தார். வழியில் இரண்டு முறை படியில் உட்கார்ந்தாராம்.

"கோவத்த அப்புறம் வச்சுக்க மச்சான். என்னோட சேந்து சிகரெட் ஊதுனவன்தான நீயும்? ஒரு ஸ்கேன் எடுத்துடு."

நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இன்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்றாள் மனைவி. "நீயே போன்ல சொல்லிடு" என்றேன். சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் இரைத்துக்கொண்டே சொன்னது எனக்கும் கேட்டது.

முதுநகரில் அவர் வீடு, பத்து நிமிடத் தூரம். அங்கே ஏறப் படியும் கிடையாது.