முதுகைப் பார்த்துச் சொல்ல ஒருவர்

மார்ச் 4

டிரைவர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்பதை நேற்று மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒரு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் போன் செய்தார். "அம்மா, சாரோட முதுகு இப்ப எப்படி இருக்கு? செவப்பு, புண்ணு ஏதாவது தெரியுதா?" என்றார். எந்த சார், எந்த முதுகு என்று விழித்தேன். காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பாம், ஜனவரியில் ஆஞ்சியோ அறையில் கம்பி விட்டு நாலு மணி நேரம் போராடி எடுத்தார்களாம். போன மாதம் உங்களைக் கேட்டதற்கு, "ஒய்ஃப் தினமும் பாக்கறாங்க, ஒண்ணுமில்லைங்க" என்றீர்களாம்.

நாம் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. உங்கள் முதுகை நான் கடைசியாகப் பார்த்தது, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் திரும்பிப் படுத்துக்கொண்ட அன்று.

இத்தனை வருடமாக எனக்குச் சோறு போடுவது இதே ஆஞ்சியோ அறை எக்ஸ்ரே வேலைதான். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

இப்போதாவது கவனமாகப் படியுங்கள். ரத்தக்குழாய்க்குள் கம்பி போகும் வழியைப் பார்க்க எக்ஸ்ரேயை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அது மேஜைக்கு அடியிலிருந்து முதுகு வழியாக உள்ளே நுழையும். நேரம் நீண்டால் அந்த இடத்துத் தோல் வெந்துபோகலாம். அன்றே தெரியாது, வாரக்கணக்கில் கழித்துத்தான் வெளியே வரும். அதுவும் உங்கள் கண்ணுக்கு எட்டாத இடம். அதனால்தான் வீட்டில் யாராவது பார்க்க வேண்டும் என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறோம். உங்கள் கண்டக்டரிடமாவது சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நாம் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டியதே இல்லை.

இப்படிக்கு,
தினமும் உங்கள் முதுகைப் பார்க்கிறவளாம்

மார்ச் 9

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

வந்தது கடிதமா, குற்றப்பத்திரிகையா என்று தெரியவில்லை. கால் நன்றாக இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் முன்போல் கெண்டைக்கால் இழுப்பதில்லை. வேலைக்கும் போகிறேன்.

கண்டக்டர் டெப்போவுக்குப் பின்னால் நிற்கவைத்து எப்போதோ பார்த்துவிட்டார். "அண்ணே, இடுப்புக்கு மேல கேரம்போர்டு மாதிரி சதுரமா செவந்திருக்கு. சீட்டு உரசினதுதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சீட்டுக்கு மெத்தை வாங்கினேன். தோல் டாக்டர் கொடுத்த களிம்பையும் கை எட்டுகிற வரை பூசிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது நீர் கசிகிறது. கொஞ்சம் தோலை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்கிறார், வரும் வெள்ளிக்கிழமை. அலட்டிக்கொள்ளாதே.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். யாரும் இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களோ என்று உன்னைச் சொல்லி, உன் நம்பரையும் கொடுத்தேன். உனக்குத் தெரிந்தால் ஓடி வருவாய், கடமையை முடிப்பாய், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். நீ கிளம்புவதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
அதே ஆள்

மார்ச் 12

டிரைவர் அவர்களுக்கு,

என் சட்டத்தை நானே மீறிப் போன் செய்தேன். வண்டி ஓட்டும்போதும் எடுக்க மாட்டீர்கள், ஓட்டாதபோதும் எடுக்க மாட்டீர்கள். அதனால் கூரியர்.

வெட்ட விடாதீர்கள். எந்த சீட்டாவது நாலு மூலை வைத்து உரசுமா? சதுரமாக இருக்கிறதென்றால் அது எக்ஸ்ரே விழுந்த இடம். அந்தத் தோலுக்கு இப்போது ஆறும் சக்தி குறைவு. வெட்டினால் அந்தச் சின்னக் காயமே ஆறாத புண்ணாகிவிடலாம். தோல் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு ஏதாவது சிகிச்சை எடுத்தீர்களா என்று அவர் கேட்டிருப்பார். காலுக்குச் செய்ததை முதுகுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் வாயை இறுக்கி மூடியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா.

இதோடு இருக்கும் குறிப்பை அவரிடம் கொடுங்கள். பிறகு காலுக்குச் செய்த டாக்டரிடமே போங்கள். அவர் பாதியில் விட்டிருந்தால் காலே போயிருக்கும். எவ்வளவு கதிர் விழுந்தது என்ற கணக்கும் அவர்களிடம் இருக்கிறது. அதனால்தான் அந்த நர்ஸ் விடாமல் விசாரித்தார். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், நீங்கள்தான் வாய் கூசாமல் பொய் சொன்னீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமாக எழுதினால்தான் எழுதவே வருகிறது.

நான்

மார்ச் 20

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

வெட்டவில்லை. உன் குறிப்பைப் படித்த தோல் டாக்டர், "இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்று கிட்டத்தட்ட உன் குரலிலேயே கேட்டார். காலுக்குச் செய்த டாக்டர் முதுகை முழுக்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். ஆற மாதக்கணக்காகுமாம். தினமும் கட்டு மாற்ற வேண்டுமாம்.

நர்ஸ் மறுபடி, "வீட்ல யாரு இருக்காங்க?" என்றார். "யாரும் இல்லைங்க" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு வெகு நேரம் மனசு சரியில்லை. கட்டு மாற்ற ஒருவர் வீட்டுக்கே வர ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

உன் முழங்கால் வலி தேவலையா? உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. தண்ணீர்கூட இப்போதெல்லாம் தடையில்லாமல் வருகிறது.

இப்படிக்கு,
அதே ஆள்

மார்ச் 25

டிரைவர் அவர்களுக்கு,

மாடி அறை சும்மா கிடக்கிறது, தண்ணீர் வருகிறது. வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா?

கடிதம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து, கேட்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. பசிக்கிறது என்று சொல்ல மாட்டீர்கள், அடுப்படியை எட்டிப் பார்ப்பீர்கள். உங்கள் மனதில் இருப்பதை நானே ஊகித்து, நானே செய்து, நானே அலுத்துப்போய்த்தான் கிளம்பினேன். கோபத்தில் கிளம்பினேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கட்டு மாற்ற ஆள் வருகிறது. அதற்காக நான் வர மாட்டேன். இந்தத் தடவை ஊகிக்கவும் மாட்டேன்.

நான்

மார்ச் 29

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

வருகிறவர் நன்றாகவே கட்டு மாற்றுகிறார். ஓரமெல்லாம் ஆற ஆரம்பித்திருக்கிறதாம். முதுகுக்கு ஆள் இருக்கிறது.

எனக்கு நீ வேண்டும். வா.