ஆடி அமாவாசையன்று உன் தோட்டம்

கோபம் தீராமலே நான் நினைத்துக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு,

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நம்ம வீடு அப்படியேதான் இருக்கிறது. கரண்ட் நினைத்தால் வருகிறது, ரயில் போனால் பாத்திரமெல்லாம் அதிர்கிறது. ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் நீ குத்தகைக்கு வைத்திருந்த தோட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல சேதி இல்லை.

போன மழைக்கு நிலம் சும்மா கிடந்தது. உன்னை எரித்துவிட்டு வந்த பிறகு ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. இந்த வருஷம் நிலத்துக்கார அம்மா டோ எய் நேரிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த மழை முடியும்போது பாத்தியிலே செடி நிக்கணும். நின்னா நிலம் உனக்கு. இல்லாட்டி மண்ணடிச்சு வீடு கட்ட ஆள் இருக்கு." அவரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை நாள்தான் பார்ப்பார்?

வைகாசியில் இறங்கினேன். காலையில் படகு, மத்தியானம் வரை சேறு, வீட்டுக்கு வந்தால் தையல் மிஷின். முழங்கால் உயரத்துக்குப் பாத்தியை மேடாக்கி, மிளகாய், புடலை, பயற்றங்காய் போட்டேன். மேட்டு மூலையில் புளிச்சைக்கீரை. நீ வைத்த பப்பாளி மரங்கள் பார்க்க ஆளில்லாமலே காய்த்து நின்றன. முதல் பழத்தைப் படகிலேயே தின்றேன். உன்னை நினைத்து அழுதுகொண்டேதான் தின்றேன், ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது.

அங்கே செடி வளர்ப்பதைவிட மடையைப் பார்ப்பதுதான் பெரிய வேலை. மழைத் தண்ணீர் வடிய அதைத் திறக்க வேண்டும், ஆறு ஏறும்போது அடைக்க வேண்டும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏற்றத்தில் ஆறு கரை முட்ட ஏறும், அன்றைக்கு அசந்தால் தொலைந்தோம். ஒருத்தர் மடையை இன்னொருத்தர் கேட்காமல் தொடக்கூடாது என்கிற கட்டுப்பாடும் இருக்கிறது. முன்னே அப்படித் தொட்டு வெட்டுக்குத்து வரை போயிருக்கிறதாம். உனக்குத் தெரியாததா?

ஆடி பிறந்ததும் பாங்காக்கிலிருந்து அண்ணன் போன் செய்தான்.

"செல்வி, ஆடி அமாவாசைக்கு அம்மாவுக்குத் தர்ப்பணம் குடுத்தே ஆகணும். ஐயரைக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போ. நான் போன்லயே மந்திரம் சொல்லிக்கிறேன்."

"அன்னைக்குத் தோட்டத்துல தண்ணி ஏறும்ண்ணே."

"கீரை பெருசா, அம்மா பெருசா?"

சரியென்று ஐயருக்குச் சொல்லி வைத்தேன். நீ படுக்கையில் கிடந்தபோது அவன் வரவில்லை. வந்தால் இங்கே ராணுவக்காரர்கள் திரும்ப வெளியே விடமாட்டார்கள், பிடித்துப் பட்டாளத்தில் போட்டுவிடுவார்கள் என்று பயம். பயம் நியாயம்தான். ஆனால் வராதவன் வாய் மட்டும் ஏனம்மா இவ்வளவு நீளுகிறது?

அமாவாசையன்று விடியும்போதே மழை கொட்டியது. பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றதால் முதலில் டாலாவுக்குப் போய் மடையைத் திறந்துவிட்டேன்; மத்தியானத்துக்குள் திரும்பி வந்து அடைத்துவிடலாம் என்று இக்கரைக்கு வந்து க்யிம்யிண்டைங் படித்துறைக்கு ஓடினேன். நான் எள்ளைத் தொடக்கூடாது என்றார் ஐயர். போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் பங்கு. அண்ணன் அங்கே தன் அறையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் வாளிக்குள் எள்ளுந்தண்ணீர் விட்டான். "ஆத்தைக் காட்டு, ஆத்தைக் காட்டு" என்று நடுநடுவே எனக்கு உத்தரவு வேறு.

லைன் அறுந்து அறுந்து வந்தது. அறுந்தபோதெல்லாம் ஐயர் முதலிலிருந்து ஆரம்பித்தார். என் கண்ணெதிரே படிகள் ஒவ்வொன்றாக முழுகின. "தண்ணி ஏறுதுண்ணே, நான் போகணும்" என்றேன். "போனை ஆட்டாதே" என்றான்.

படகு பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். பக்கத்துத் தோட்டத்து டோ சான் மண்வெட்டியோடு வரப்பில் நின்று அழுதுகொண்டிருந்தார். "அடைக்கட்டுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன் மா செல்வி. உன் லைனே கெடைக்கலையே!" எப்படிக் கிடைக்கும்? போனில்தான் அண்ணன் புண்ணியம் தேடிக்கொண்டிருந்தானே.

தண்ணீர் வடிய நாளாயிற்று. பயறும் மிளகாயும் அழுகின. பப்பாளி மரங்கள் இலை பழுத்துத் தொங்கி, ஒவ்வொன்றாகக் காயோடு சாய்ந்தன. புளிச்சைக்கீரை மட்டும் மேட்டில் தப்பித்தது. அமாவாசையன்று சாயங்காலமே அண்ணன் பேசினான். "இப்பத்தான் அம்மா மனசு குளிர்ந்திருக்கும்." குளிர்ந்திருப்பாய், ஏன் குளிர மாட்டாய்? தோட்டமே முழங்கால் தண்ணீரில் குளிர்ந்துதானே கிடந்தது.

உன் மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. கடைசி நாட்களில் நான் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் வாசலைப் பார்த்து, "பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்பாய். ஸ்பூன் உன் வாயருகே இருக்கும். பிடித்திருந்த கை யாருடையதென்று ஒரு தடவையாவது பார்த்தாயா அம்மா?

மறுபடி பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் நின்றாலும் சாகாத கீரைத் தண்டுகளை டோ சான் ஒரு கட்டு கொடுத்தார், நட்டிருக்கிறேன். டோ எய் குடை பிடித்துக்கொண்டு வந்து விழுந்த மரங்களைச் சுற்றிப் பார்த்தார். நிலம் போச்சு என்று நினைத்தேன். "மழை இன்னும் முடியலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று அண்ணன் மறுபடி கூப்பிட்டான். புரட்டாசியில் மகாளய அமாவாசையாம். ஆடியைவிடப் பெரிசாம், செத்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்து தண்ணீருக்குக் காத்து நிற்பார்களாம். நான் போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கு நான் படித்துறைக்கு வர மாட்டேன் அம்மா. இது சத்தியம். ஆறு ஏறுவதற்கு முன்னாலேயே மண்வெட்டியோடு போய் மடையை அடைத்துவிட்டு, தண்ணீர் இறங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அவன் வாளித் தண்ணீர் உனக்குப் போதுமென்றால் பாங்காக்குக்குப் போ. போதாவிட்டால் டாலாவுக்கு வா.

இங்கேயே இருக்கிற உன் மகள்,
செல்வி