பதினோரு முறை தட்டிய கதவு

என் கண்ணு மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். உன் பிரசவத்துக்கு வர நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்தது, ஆனால் டாக்டரம்மா கையெழுத்துப் போடாமல் நான் எப்படி ஏறுவது, போன வாரம் வரை அதற்குத்தான் இழுபறி.

என் உடம்பில் இன்சுலின் இருக்கிறதாம், உடம்புதான் அதை மதிக்கவில்லையாம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டு போய் அது கதவைத் தட்டுகிறதாம், உள்ளே இருக்கிறவர்கள் திறப்பதில்லையாம். டாக்டரம்மா இப்படிச் சொன்னதும் எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று உனக்கே தெரியும். உன் அத்தைதான். நீ ஆறாவது படிக்கும்போது அவள் இரவல் கேட்ட மிக்சியை மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய்ப் பதினோரு முறை தட்டினேன், உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது, திறக்கவில்லை. அப்புறம் கேட்டால், ஐயோ அண்ணி நான் ஊர்லயே இல்லையே என்றாள். பத்தொன்பது வருடமாக அதே பொய். இந்த மாதிரி உடம்புக்காரர்களுக்கு மனசு கொதித்துப் பிரஷர் ஏறினால் சீக்கிரம் இறங்காதாம், அதையும் பார்த்துவிடுவோம் என்று நர்ஸ் பெண் கையில் பட்டையைச் சுற்றினாள். பாட்டி, உங்களுக்குக் கோபம் வந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்க, மூணு நிமிஷம் போதும் என்றாள். மிக்சி கதையைத்தான் சொன்னேன், மூன்று நிமிஷத்தில் நான் இரண்டாவது மாடிகூட ஏறி முடிக்கவில்லை. நூற்று எழுபத்தெட்டு! மற்றவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் இறங்குமாம், எனக்கு அரை மணி ஆகியும் சட்டமாக அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நல்லதா ஏதாவது நெனைங்க பாட்டி என்று கெஞ்சினாள். ஒரு விருந்தில் உன் அத்தையின் சவுரி முடி கழன்று ஐஸ்கிரீமில் விழுந்ததை நினைத்தேன், பத்து புள்ளி இறங்கியது. அது பத்தாது, இப்படியே இருந்தா பயணம் வேண்டாம்மா, மாத்திரை போடுங்க, நடங்க, அந்தக் கதவை மறந்துடுங்க என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மாத்திரை போட்டேன், நடந்தேன், மறக்க மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கதவு தட்டும் சத்தம். துளை வழியாகப் பார்த்தால் உன் அத்தை, கையில் உன் குட்டிக்குப் பின்னிய தொப்பி. உடனே போய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன், அவளுக்கும் கேட்கட்டுமே. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். பதினொன்று ஆனதும் திறந்தேன். அண்ணி, உசுரோடதான் இருக்கீங்களா, கை வலிக்குது என்றாள். அன்னைக்கு நான் தட்டினதும் பதினொண்ணு, இப்ப சரியாப் போச்சு என்றேன். அவள் வெடுக்கென்று, பதினொண்ணா, நீங்க தட்டுனது ஒன்பதுதான் அண்ணி, நான் எண்ணிக்கிட்டுல்ல இருந்தேன் என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரிலேயே இல்லாதவள் எண்ணியிருக்கிறாள் பார்! அன்றைக்குத் தலை முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு நின்றாளாம், வெட்கமாம். நான் சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்றுவிட்டது. மறுநாள் அவளையே துணைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் பெண் அதே கதையைச் சொல்லச் சொன்னாள், ஏறின பிரஷர் பத்தே நிமிஷத்தில் நூற்று முப்பதுக்கு இறங்கியது, நடுவில் இவள் ஒன்பதுதான் என்று குறுக்கே சொன்னபோது மட்டும் கொஞ்சம் துள்ளியது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். சர்க்கரைக்கு இன்னும் தினம் நடக்க வேண்டும், உன் அத்தையும் வருகிறாள், சண்டை போட்டுக்கொண்டே நடந்தால் தூரம் தெரிவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கனமாக எதையும் தூக்காதே, மிக்சியைக்கூட. நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும். பதினாறாம் தேதி சாயங்காலம் உன் வாசலில் நிற்பேன். முதல் தட்டிலேயே திற, நான் எண்ணுவேன்.

தொப்பியோடு வரும்,
உன் அம்மா